பதினான்கு பெட்டிகளும் ஒரு கேள்வியும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



 

சென்ற ஆண்டுக் கூடுகை முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் ஒரு பெரியவர் எங்களைச் சற்றுத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாதந்தவறாமல் தம் பென்ஷனிலிருந்து காணிக்கை அனுப்புகிறவர். அவர் கேட்டது இதுதான்: "ஐயா, நாங்கள் நோயாளிகளுக்கென்று பணம் அனுப்புகிறோம். அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிற உங்கள் கம்ப்யூட்டர் பையன் உலகத்துக்கெல்லாம் இலவசமாகப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறானாமே, இது நியாயந்தானா?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. நாங்கள் செமினரியில் எபிரெயுவும் கிரேக்கும் படித்தவர்கள். கம்ப்யூட்டர் எங்களுக்கு ஓய்வுபெறும் வயதில் வந்து சேர்ந்த விருந்தாளி. அடுத்த கூடுகையில் பதில் சொல்லுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். இந்த ஓராண்டில் அந்தத் தம்பியின் பக்கத்தில் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து கேட்டு அறிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 2023 ஜூன் மாதத்து இரவு ஒன்றைச் சொல்லவேண்டும். காற்றும் மழையுமாக இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் மின்சாரம் போயிற்று. எங்கள் ஜெனரேட்டர் வழக்கமாக அரை நிமிஷத்துக்குள் ஓடத்தொடங்கும். அன்று ஓடவில்லை. ஆபரேஷன் அறைக்கும் குழந்தைகள் வார்டுக்கும் தனி ஏற்பாடு இருந்தபடியால் அங்கே யாருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கம்ப்யூட்டர், பக்கத்திலிருந்த யூ.பி.எஸ். பெட்டியின் பலத்தில் சில நிமிஷம் நின்றது, பிறகு படாரென்று அணைந்துவிட்டது. ஒழுங்காக மூடப்படாமல் அணைந்ததால் அன்று மாலை சேர்த்து வைத்திருந்த முடிவுகள் கெட்டுப்போயின. மறுநாள் காலையில் பதினொரு நோயாளிகளுக்கு மறுபடியும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவேண்டியதாயிற்று. அவர்களில் ஒருத்தி நான்கு வயதுக் குழந்தை. நரம்பு கிடைக்காத கை. அவள் தாய் எங்களைப் பார்த்து, "நேத்துதானே ஐயா எடுத்தாங்க, அது எங்கே போச்சு?" என்று கேட்டாள். நாங்கள் கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். மின்சாரம் என்றோம், மன்னியுங்கள் என்றோம். அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது என்று எங்களுக்கே தெரிந்தது.

காரணத்தை விசாரித்தபோது வெளிவந்தது இது. ஆஸ்பத்திரி முழுவதும் பதினான்கு யூ.பி.எஸ். பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சில எண்கள் பதிந்திருக்கும். பாட்டரி எத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் "இனித் தாங்காது, கம்ப்யூட்டரை மூடிவிடு" என்று எச்சரிக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பரிசோதனைக்கூடத்துப் பெட்டியில் அந்த எண் பத்து. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. பாட்டரி புதிதாக இருந்தால் பத்து சதவீதம் போதும். பழைய பாட்டரியோ முப்பதிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரே சறுக்கலாய்ச் சறுக்கும். எச்சரிக்கை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னிருந்த பெட்டியில் நாற்பது என்று மாற்றி வைத்திருந்தார்களாம். அது பழுதாகிப் புதுப்பெட்டி வந்தபோது மறுபடி மாற்றவேண்டும் என்று யாருக்கும் நினைவில்லை. எந்தப் பெட்டிக்கு என்ன எண் என்பது அப்போது கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்ட சகோதரரின் மனதில் மட்டும் இருந்தது. அவர் அந்த ஆண்டின் முடிவில் வேறு வேலைக்குப் போனார். நல்ல மனிதர், உழைப்பாளி, அவர்மேல் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் போனபோது அவர் அறிந்ததும் அவரோடு பேருந்து ஏறிப் போய்விட்டது.

2024 ஜனவரியில் இந்தத் தம்பி வந்து சேர்ந்தான். வந்தவுடன் அவன் செய்த முதல் காரியம் பதினான்கு பெட்டிகளையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்து எண்களை எழுதியது. ஒன்பது பெட்டிகளில் ஒன்பது விதம். "இதைக் கையால் திருத்தினால் ஆறு மாதத்தில் மறுபடி இப்படித்தான் ஆகும் ஐயா" என்றான். அப்போதுதான் ஆன்சிபிள் என்ற பெயரை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம்.

ஆன்சிபிள் என்பது பல கம்ப்யூட்டர்களை ஓரிடத்திலிருந்து ஒழுங்குபடுத்துகிற ஓர் ஆட்டோமேஷன் புரோகிராம். 2012இல் மைக்கேல் டிஹான் என்பவர் தொடங்கினார். 2015இல் ரெட் ஹாட் நிறுவனம் அதை வாங்கியது. ஆனாலும் அதன் மூலநிரல் யாரும் பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் தக்கதாகத் திறந்தே இருக்கிறது. இப்படிப்பட்டவற்றைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். பெயருக்கு அர்த்தம் என்ன என்று கேட்டோம். மொழி படித்தவர்களுக்கு அந்த வியாதி போகாது. அர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க நாவலாசிரியை 1966இல் எழுதிய ஒரு நாவலில், நட்சத்திரங்களுக்கிடையே சற்றும் தாமதமின்றிச் செய்தி அனுப்பும் கருவிக்கு வைத்த பெயராம் அது.

அதன் முறை இப்படி. நமக்கு வேண்டிய நிலைமையை ஒரு தாளில் எழுதிவைக்கிறோம். "பரிசோதனைக்கூடத்துப் பெட்டியில் எச்சரிக்கை எண் நாற்பதாக இருக்கவேண்டும்." எப்படிச் செய்வது என்று எழுதுவதில்லை, எப்படி இருக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறோம். ஆன்சிபிள் அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்க்கும். சரியாக இருந்தால் தொடாமல் திரும்பி வந்து பச்சை எழுத்தில் சரி என்று காட்டும். மாறியிருந்தால் திருத்திவிட்டு மஞ்சளில் சொல்லும். முடியாவிட்டால் சிவப்பு. நூறு தரம் ஓட்டினாலும் நூறு தரமும் முடிவு ஒன்றே. வார்டில் நல்ல நர்ஸ் ஒருவர் படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்ப்பதைப் போன்றது. சரியாக ஓடுகிற டிரிப்பை அவர் நோண்டமாட்டார்.

இந்தப் "பார்த்துத் திருத்துகிற" வேலையைச் செய்வது மாட்யூல் என்ற சிறு புரோகிராம். கோப்புகளுக்கு ஒரு மாட்யூல், பயனர் கணக்குகளுக்கு ஒன்று, இப்படி. 2019ஆம் ஆண்டின் முடிவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாட்யூல்கள் ஒரே கிடங்கில் குவிந்திருந்தன. எழுதி அனுப்புகிறவர்கள் பெருகினார்கள், சரிபார்க்கிறவர்கள் பெருகவில்லை. ஆகவே 2020இல் அவற்றைப் பெரும்பாலும் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்தார்கள். இத்தனை இருந்தும் எங்கள் தம்பிக்கு வேண்டியது அவன் தேடின தொகுப்புகளில் இல்லை. யூ.பி.எஸ். பெட்டிகளோடு பேச 'நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ்' என்று ஒரு புரோகிராம் உண்டு. அதுவும் திறந்ததே, 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. எங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதிலுள்ள ஒரு கட்டளையால் பெட்டிக்குள் இருக்கும் எண்ணை மாற்றலாம். அந்தக் கட்டளையை ஆன்சிபிள் வழியாக அப்படியே ஓட்டிப் பார்த்தான். வேலை நடந்தது. ஆனால் ஓட்டும்போதெல்லாம் பதினான்கு வரியும் மஞ்சள். கட்டளை குருட்டுத்தனமாக ஓடுகிறபடியால், உண்மையில் மாறியது எது, மாறாதது எது என்று அதற்குத் தெரியாது. எப்போதும் மஞ்சளாக இருந்தால் யார் கவனிப்பார்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுதும் பீப் பீப் என்று கத்துகிற மானிட்டரை நர்சுகள் கேளாதவர்களாகிவிடுகிறதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆகவே அவன் ஒரு மாட்யூல் எழுதத் தொடங்கினான். பைத்தான் மொழியில். முதலில் பெட்டியிடம் இப்போதைய எண்ணைக் கேட்பது. வேண்டிய எண்ணோடு ஒப்பிடுவது. வேறாயிருந்தால் மட்டும் மாற்றுவது. கேட்க எளிது. முதல் வடிவம் நான்கு நாளில் முடிந்தது. பதினான்கு பெட்டிகளும் பச்சை. அன்று கேன்டீனில் எங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தான்.

இங்கே நின்றிருந்தால் பெரியவரின் கேள்வியே எழுந்திராது. எங்கள் தேவை முடிந்தது. ஆனால் தம்பி சொன்னான்: "ஐயா, இதை நான் மட்டும் வைத்திருந்தால், நான் போன பிறகு இதைத் திருத்தத் தெரிந்த ஆள் உலகத்திலேயே இருக்கமாட்டார்கள். பொதுவில் கொடுத்துவிட்டால் நாலு பேர் பார்ப்பார்கள்."

அவன் நினைத்தவுடன் கொடுத்துவிட முடியாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பாகமாக ஊழியர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளியே. அதாவது ஆஸ்பத்திரி. எனவே விஷயம் நிர்வாகக் கமிட்டிக்கு வந்தது. அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தோம், இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு சகோதரர், இதை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு விற்கலாமே, ஒரு டயாலிசிஸ் இயந்திரத்துக்காவது உதவுமே என்றார். அவர் சொன்னது பேராசையினால் அல்ல. அந்த வாரம் டயாலிசிஸுக்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் அவர் கையில் இருந்தது. எங்கள் பொருளாளர் வேறொரு பட்டியலை எடுத்தார். ஆஸ்பத்திரியில் விலை கொடாமல் நாம் உபயோகிக்கிறவை: லினக்ஸ், பைத்தான், ஆன்சிபிள், யூ.பி.எஸ். புரோகிராம், நோயாளிப் பதிவேட்டின் அடியில் இருக்கிற தரவுத்தளம். முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதினவை. இவற்றுக்கெல்லாம் விலை கொடுக்கவேண்டியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆன்சிபிளின் உரிமமாகிய ஜி.பி.எல். மூன்றின்கீழ் வெளியிடச் சம்மதித்து எங்கள் செயலாளர் கடிதம் கொடுத்தார். அந்த உரிமத்தின்படி எவரும் எடுத்து உபயோகிக்கலாம், திருத்தலாம். திருத்தினதைப் பிறருக்கு விநியோகித்தால் மூலநிரலையும் அதே நிபந்தனையில் கொடுக்கவேண்டும். யாரும் எடுத்துப் பூட்டிவைக்க இடமில்லை.

கமிட்டியில் நாங்களும் கை தூக்கினோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. இது வாலிபரின் ஆர்வம், கொஞ்சம் பெருமையும் கலந்தது என்று நினைத்தோம். அடுத்து நடந்தவை எங்கள் எண்ணத்தை மாற்றின.

2024 ஜூலையில் அதை ஒரு பொதுத் தொகுப்புக்கு அனுப்பினான். அனுப்புவது என்றால் தபாலில் போடுவது போல் அல்ல. அந்தத் தொகுப்பின் நகல் ஒன்றைத் தன் பெயரில் எடுத்து, அதில் தன் கோப்பைச் சேர்த்து, "இதை ஏற்றுக்கொள்வீர்களா" என்று விண்ணப்பிக்கவேண்டும். இதற்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். போட்ட சிறிது நேரத்துக்குள், மனிதர் யாரும் பார்க்குமுன்னே, தானாக ஓடுகிற பரிசோதனைகள் சிவப்புக் காட்டின. தலைப்பில் உரிமக் குறிப்பு சரியில்லை. விளக்கத்தில் சொன்ன விருப்பங்களும் நிரலில் உள்ளவையும் ஒத்துப்போகவில்லை. அதையெல்லாம் ஒரு வாரத்தில் திருத்தினான்.

பிறகு ஒரு மனிதர் வந்தார். சம்பளத்துக்கு அல்ல, தம் சொந்த நேரத்தில் சரிபார்க்கிறவர். எந்த நாட்டவர் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் எழுதின குறிப்புகளைத் தம்பி எங்களுக்குக் காட்டினான், ஏனென்றால் பாதிக்கு மேல் இங்கிலீஷ் திருத்தம். இந்த மாட்யூல்களில் விளக்கக் குறிப்பு நிரலுக்கு முன்னாலேயே, அதே கோப்பில் இருக்கவேண்டும்: என்ன செய்கிறது, என்னென்ன விருப்பங்கள், உதாரணங்கள், என்ன பதில் திரும்பி வரும் என்று. ஒவ்வொரு விளக்கமும் பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியோடு முடியும் முழு வாக்கியமாக இருக்கவேண்டும். ஆனால் மேலேயுள்ள சுருக்க வரிக்கு மட்டும் முற்றுப்புள்ளி கூடாது! தம்பிக்கு இது எரிச்சல். எங்களுக்கோ பழைய செமினரிப் பேராசிரியர் ஒருவர் ஞாபகம் வந்தது. பிரசங்கத்தைவிட அதன் நிறுத்தக்குறிகளையே அதிகம் திருத்துவார். நாங்கள் இருவரும் ஒரு சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்து அந்த வாக்கியங்களை எழுதினோம். அந்தக் கோப்பில் நாங்கள் செய்த ஊழியம் அவ்வளவே.

ஆனால் அடுத்த இரண்டு குறிப்புகள் நிறுத்தக்குறி விஷயம் அல்ல.

ஒன்று கடவுச்சொல். பெட்டியின் எண்ணை மாற்ற ஒரு கடவுச்சொல் வேண்டும். அதை இரகசியம் என்று குறித்துவைக்கத் தம்பி மறந்திருந்தான். குறிக்காவிட்டால் ஆன்சிபிள் எழுதிவைக்கிற பதிவுகளில் அது அப்படியே தெரியும். எங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ஆம், தெரிந்தது. ஐந்து மாதமாக, பதினான்கு பெட்டிகளின் சாவியும் எழுதி வாசலில் தொங்கவிட்டது போல இருந்தது. யாரும் எடுக்கவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். அன்று மாலையே எல்லாவற்றையும் மாற்றினோம்.

மற்றது இன்னும் பெரியது. ஆன்சிபிளில் செக் மோட் என்று ஒன்று உண்டு. "ஒன்றையும் மாற்றாதே, மாற்றுவதானால் எவற்றை மாற்றுவாய் என்று மட்டும் சொல்" என்று கேட்பது. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் தோலின்மேல் மையால் கோடு போட்டுப் பார்க்கிறதைப் போல. தம்பி தன் மாட்யூல் செக் மோடுக்கு ஒத்துழைக்கும் என்று அறிவித்திருந்தான். அறிவித்தானே தவிர, நிரலின் ஒரு வழியில் அதைக் கவனிக்கவில்லை. அந்த வழியில் போனால் மையால் கோடு போடச் சொன்ன இடத்தில் கத்தியே இறங்கிவிடும். சரிபார்த்தவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: இந்த இடத்தில் செக் மோடில் என்ன நடக்கும்?

தம்பி அதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு பழைய பதிவுகளைத் தேடினான். மே மாதத்தில் ஒரு பகல் வேளையில், பார்வைக்காக மட்டும் என்று எண்ணி அவன் செக் மோடில் ஓட்டியபோது, ரத்த வங்கியின் பெட்டி ஒன்றில் எண் உண்மையிலேயே மாறியிருந்தது. இருபதிலிருந்து நாற்பதாக, நல்ல பக்கத்துக்கே மாறிற்று, அதனால் ஒரு சேதமும் இல்லை. வேறு எண்ணாக இருந்திருந்தால் என்பதை அவனும் யோசித்தான், நாங்களும் யோசித்தோம். அந்த நான்கு வயதுக் குழந்தையின் கதையை அவனுக்கு அன்றுதான் முழுமையாகச் சொன்னோம்.

பெரியவர் ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடினால், எங்களுக்கு அந்த ஒரு வரியில்தான் தெரிகிறது. நாங்கள் அந்தப் புரோகிராமைப் பூட்டி வைத்திருந்தால், அல்லது விலைக்கு விற்றிருந்தால், அந்த வரியை எழுத யாரும் வந்திருக்கமாட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் கிடையாது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பரிசோதிக்கச் சொல்ல எங்களிடம் பணமும் கிடையாது.

அதன் பிறகும் வேலை முடியவில்லை. நீங்கள் உங்கள் ஆஸ்பத்திரிப் பெட்டிகளில் ஓட்டிப் பார்த்தது சரி, எங்களிடம் அந்தப் பெட்டிகள் இல்லையே, நாங்கள் எப்படிப் பரிசோதிப்பது என்று கேட்டார்கள். நியாயம்தான். தம்பி அதுவரை இரவு பதினொரு மணிக்கு ஆபீஸ் அறையில் பிளக்கைப் பிடுங்கித்தான் சோதித்துவந்தான். அந்த யூ.பி.எஸ். புரோகிராமுக்குள்ளேயே டம்மி-யூ.பி.எஸ். என்று ஒரு பொய்ப்பெட்டி உண்டாம். பாட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை, ஒரு கோப்பில் எழுதின எண்களை உண்மைப் பெட்டி போலவே சொல்லும். நர்சிங் பள்ளியில் ஊசி போடப் பழகுகிற ரப்பர் கையைப் போல. அதை வைத்துச் சோதனைகள் எழுதினான். எழுதும்போது இன்னொரு குறையும் அகப்பட்டது. சில பெட்டிகள் நாம் சொல்கிற எண்ணை அப்படியே ஏற்பதில்லை, தமக்குப் பிடித்த அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும். நாம் ஒன்று சொல்ல, அது வேறொன்றை வைத்துக்கொள்ள, ஒவ்வொரு தரமும் வித்தியாசம் தெரிந்து மஞ்சளாகவே இருக்கும். எங்கள் எக்ஸ்ரே பிரிவுப் பெட்டி ஏன் எப்போதும் மஞ்சள் என்று அதுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு ஐந்து மாதம் மௌனம். ஒரு வரி இல்லை. இது எங்களுக்கு வருத்தந்தான், அதைச் சொல்லாமல் விடமாட்டோம். ஒரு பையன் இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஐந்து மாதம் மேஜையில் கிடக்கவிடுவது சரியல்ல என்று கோபப்பட்டோம். தம்பிதான் எங்களைச் சமாதானப்படுத்தினான். அவன் சொன்ன காரணத்தை நீங்களும் அறியவேண்டும்.

எக்ஸ்-இஸட் என்று கோப்புகளைச் சுருக்குகிற சிறிய புரோகிராம் ஒன்று உண்டு. உலகமெங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர் லாஸே கோலின் என்ற ஒரே ஒருவர், சம்பளமில்லாமல். களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல நல்ல திருத்தங்களாய் அனுப்பி, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பிலும் பங்கு பெற்றார். பிறகு 2024 தொடக்கத்தில் வெளியான பதிப்புகளில் ஒரு திருட்டு வாசலை மறைத்து வைத்தார். அந்த வருஷம் மார்ச் 29ஆம் தேதி ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர் அதை வெளிப்படுத்தினார். தம் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினவர் அவர். அந்த அரை வினாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் எத்தனையோ இடங்களின் கதவுகள் திறந்து கிடந்திருக்கும். எங்கள் தம்பி விண்ணப்பம் போட்டது அதற்கு நான்கு மாதம் கழித்து. முன்பின் தெரியாத ஒருவன், ஓர் ஊர் தெரியாத ஆஸ்பத்திரியிலிருந்து, மின்சாரப் பெட்டிகளின் கடவுச்சொல்லைத் தொடுகிற புரோகிராமோடு வந்து நிற்கிறான். "நானாக இருந்தாலும் தயங்குவேன் ஐயா" என்றான். களைத்தவர்கள் சிலர் மட்டுமே வாசலில் காவல் நிற்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது விளங்கியது. ஆனாலும் ஐந்து மாதம் நீளந்தான். ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்த மௌன மாதங்களில் தம்பி ஒரு காரியம் செய்தான். தன் விண்ணப்பத்துக்காக வற்புறுத்துவதை விட்டு, மற்றவர்கள் அனுப்பியிருந்தவற்றைச் சரிபார்க்கத் தொடங்கினான். செக் மோடில் என்ன நடக்கும் என்று இப்போது அவன் பிறரிடம் கேட்கிறான். அவன் கேட்ட கேள்வியினால் ஒருவருடைய மாட்யூலில் பிழை அகப்பட்டது. அவர் நன்றி என்று எழுதியிருந்ததை எங்களிடம் கொண்டுவந்து காட்டினான். கேன்டீன் வடை இரண்டாம் முறை.

இப்போதைய நிலை என்ன என்று கேட்பீர்கள். மௌனம் கலைந்தது, பேச்சு தொடர்கிறது. இரண்டு திருத்தங்கள் பாக்கி. ஏற்றுக்கொள்ளப்படலாம், அல்லது இதைத் தனித் தொகுப்பாகவே வெளியிடுங்கள் என்று சொல்லிவிடலாம். எப்படியானாலும் நிரலும் விளக்கமும் பொதுவில் இருக்கின்றன, எங்கள் பதினான்கு பெட்டிகளிலும் திருத்தப்பட்ட வடிவமே ஓடுகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்டால் பராமரிக்கிறவர் என்று அவன் பெயர் பதியும். பிறகு உலகில் யாருக்குப் பிழை வந்தாலும் கேள்வி அவனிடம் வரும். அது முடிகிற கடன் அல்ல, அதையும் கமிட்டிக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஆபீஸ் நேரம் எவ்வளவு போயிற்று என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறோம். எங்களுக்கென்று மாட்யூலை எழுதின நாட்களை விட்டு, பொதுவில் கொடுப்பதற்காக மட்டும் செலவான ஆபீஸ் நேரம் இந்த ஒன்றரை ஆண்டில் நாற்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மற்றது அவன் வீட்டிலிருந்தும் சனிக்கிழமை மத்தியானங்களிலும் செய்தது. கணக்குப் புத்தகம் ஆபீசில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

இன்னொரு செய்தி. தம்பிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் கொடுக்கக்கூடியதைவிட மும்மடங்கு சம்பளம், வயதான தாயாருக்கு அருகிலும் இருக்கலாம். அடுத்த மாதம் போகிறான். அவன் இடத்துக்கு வந்திருக்கிற தங்கச்சி இரண்டு வாரமாக வேலை பழகுகிறாள். முதல் நாள் அவன் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. விளக்கக் குறிப்பை மட்டும் கொடுத்து, பரிசோதனைக்கூடத்துப் பெட்டியைச் சரிபார் என்றான். அவள் வாசித்தாள், முதலில் செக் மோடில் ஓட்டினாள், பிறகு நிஜமாக ஓட்டினாள். பச்சை. வாசித்த வாக்கியங்களில் ஒன்றில் கமா தப்பு என்று எங்களிடம் சொன்னாள். பார்த்தோம். அந்தப் பிழை எங்களுடையதே.

தேநீர் தயாராகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் தேநீர் அருந்தியபின் மாடியில் பழைய ஆபீஸ் அறைக்கு வாருங்கள். அங்கே மேஜையின்மேல் பதினைந்தாவது பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். நோயாளிகளுக்கான எந்தக் கருவியோடும் இணைக்காதது, பழைய பாட்டரி உள்ளது. பிளக்கைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் எப்போது, எப்படித் தன்னை மூடிக்கொள்ளுகிறது என்று தம்பியும் தங்கச்சியும் காட்டுவார்கள். பெரியவர் ஐயா அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். பிளக்கை நீங்களே பிடுங்குங்கள்.